சுவரில் பாதி, சாலையில் பாதி

தெருப் புகைப்படம்: வாசகர் கேள்வி – பதில்

'தெருவில் சிரிப்பு' பகுதிக்குப் படம் கேட்டிருந்தோம். படங்களோடு கேள்விகளும் சேர்ந்து வந்துவிட்டன, பெரும்பாலும் திருச்சிக்குக் கிழக்கே கடைமடை வரைக்கும் உள்ள ஊர்களிலிருந்து. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

சம்பந்தமே இல்லாத இரண்டு விஷயங்கள் ஒரே படத்தில் வேடிக்கையாகச் சேர்ந்து நிற்கும் படங்களை நிறையப் பார்க்கிறேன். எனக்கு மட்டும் எதுவும் மாட்டவில்லை. சாயங்காலமானால் கும்பேஸ்வரர் கோயில் தெரு, பெரிய தெரு என்று சுற்றுகிறேன். இதெல்லாம் அதிர்ஷ்டம்தானா சார்?
— கல்லூரி மாணவர், கும்பகோணம்

முதலில் சுற்றுவதை நிறுத்துங்கள். இந்த வகைப் படத்துக்கு இரண்டு பாதிகள் உண்டு. ஒன்று அசையாதது: சுவர் விளம்பரம், ஃபிளெக்ஸ், சிலை, ஜவுளிக்கடை பொம்மை, பெயர்ப்பலகை. மற்றது வந்து போவது: ஆள், ஆடு, சைக்கிள், நிழல். நடந்துகொண்டே இரண்டையும் ஒருசேரத் தேடினால் ஒன்று கிடைக்கும்போது இன்னொன்று தாண்டிப் போயிருக்கும். அசையாத பாதியை முதலில் கண்டுபிடித்து, அதன் எதிரே நில்லுங்கள். மற்ற பாதியை ஊரே அனுப்பிவைக்கும்.

பாரிஸ் ரயில் நிலையத்தின் பின்புறம் தேங்கிய தண்ணீரை ஒருவர் தாண்டுவதை 1932-இல் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் எடுத்த படம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தாண்டும் காலைப் பார்த்தவர்கள் பின்னால் உள்ள சுவரையும் பாருங்கள். அதில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியிலும் ஒருவர் காலை விரித்துத் தாவுகிறார். சுவரொட்டி இல்லாவிட்டால் அது வெறுமனே நல்ல படம்.

எந்த அசையாத பாதி பயன்படும் என்பதற்கு ஒரு சோதனை: அது ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். விரலை நீட்ட வேண்டும், வாயைப் பிளக்க வேண்டும், ஓட வேண்டும், முறைக்க வேண்டும், கும்பிட வேண்டும். சும்மா சிரிக்கும் முகத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. இரு கை கூப்பி நிற்கும் வேட்பாளர் பேனர் எதிரே ஆடு வந்து நின்றால், கும்பிடு ஆட்டுக்குப் போய்விடும். அதே பேனரில் அவர் வெறுமனே கோட்டு சூட்டில் நின்றால் ஆடு ஆடுதான், பேனர் பேனர்தான். சாலையோர ஐயனாரின் ஓங்கிய அரிவாள், பாதி உயரக் காலைத் தூக்கிய குதிரை, கம்பிக் கூண்டுக்குள்ளிருந்து கை நீட்டும் தலைவர் சிலை, தஞ்சாவூர்க் கடை வாசலில் வரிசையாகத் தலையாட்டும் பொம்மைகள் எல்லாமே ஏதோ செய்கின்றன. உங்கள் தெருவில் பாத்திரக் கடைகள் இருக்கின்றனவே, தேய்த்து மினுக்கிய பித்தளை அண்டாவின் வயிற்றில் தெருவே வளைந்து தெரியும். மூன்றடி தூரத்தில் நின்று, அண்டாவின் விளிம்பில் ஃபோகஸ் செய்யாமல் உள்ளே தெரியும் பிம்பத்தின் மேல் தொட்டு ஃபோகஸ் செய்யுங்கள். விளிம்பில் செய்தால் பிம்பம் மங்கிவிடும், ஏனென்றால் கேமராவுக்கு இரண்டும் ஒரே தூரமல்ல.

சுவரொட்டிகளுக்குத் தனி நேரம் உண்டு. ராத்திரியில் மைதாப் பசை காய்ச்சி ஒட்டிவிட்டுப் போவார்கள். பொழுது விடியும்போது பசை இன்னும் ஈரமாக இருக்கும், ஆடும் மாடும் வந்துவிடும். அவற்றுக்குக் காகிதத்தைவிட மைதாதான் குறி. ஒரு மூலையைப் பல்லால் பிடித்து இழுத்ததும் நீளமாகக் கிழிந்து வரும். அடியில் போன மாதச் சுவரொட்டி தெரியும். புதுப்பட நாயகனின் நெற்றியும், அதற்குக் கீழே பழைய படத்து நாயகியின் வாயும், நடுவே ஆட்டின் மூக்கும் சேர்ந்த முகம் ஒன்று கிடைக்கும். இதற்குக் காலை ஐந்தரையிலிருந்து ஏழுக்குள் போக வேண்டும். வெயில் ஏறிப் பசை காய்ந்தால் ஆடு வேறு தெருவுக்குப் போய்விடும்.

ஓரிடத்தில் இருபது முப்பது நிமிடம் நின்று பாருங்கள். தேறவில்லை என்றால் அதே இடத்துக்கு வேறு நேரத்தில் வாருங்கள். கல்யாணம், காதணி விழா ஃபிளெக்ஸ் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும், அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சிமென்ட், பனியன் கம்பெனிகளின் சுவர் ஓவியம் மழை தின்னும்வரை காத்திருக்கும்.

பேனரில் உள்ள பெரிய முகம், ரோட்டில் போகிறவர் உடம்பில் உட்கார்ந்த மாதிரி எடுக்கப் பார்க்கிறேன். தலை பூசணிக்காய் சைஸில் வருகிறது, உடம்பு குச்சியாக நிற்கிறது. ஜூம் செய்தாலும் சரியாகவில்லை.
— கடை உரிமையாளர், மயிலாடுதுறை

ஜூம் செய்தால் சரியாகாது. ஜூம் இரண்டையும் ஒரே அளவுக்குத்தான் பெரிதாக்கும். முகத்துக்கும் உடம்புக்கும் உள்ள விகிதத்தை மாற்றுவது தூரம் ஒன்றுதான்.

கணக்கு சுலபம். உச்சந்தலையிலிருந்து தாடை வரை மனிதத் தலை சுமார் ஒன்பது அங்குலம். பேனர் முகம் மூன்றடி என்றால் நாலு மடங்கு. ஆகவே பேனர் உங்களிடமிருந்து இருக்கும் தூரத்தில் நாலில் ஒரு பங்கில் ஆள் வர வேண்டும். 24 அடி அகலத் தெருவில் எதிர்ச்சாரியில் நின்றால், ஆள் உங்களுக்கு ஆறடி முன்னால் கடக்க வேண்டும். பேனர் முகம் ஒன்றரை அடிதான் என்றால் இரண்டு மடங்கு, அப்போது ஆள் தெரு நடுவில், 12 அடியில். சுவரொட்டி முகம் நிஜ முகம் அளவே இருந்தால் சுவரை உரசிக்கொண்டு நடப்பவர்தான் பொருந்துவார். நீங்கள் சுவரோரம் நடப்பவரைப் பெரிய பேனரோடு பொருத்தப் பார்த்திருக்கிறீர்கள், அதுதான் குச்சி உடம்பு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. பேனர் பின்னால் இருக்கிறது. பின்னால் இருப்பது முன்னால் வருபவரின் தலையை எப்படி மறைக்கும்? அவர் தலையும் சேர்ந்துதான் தெரியும். ஆகவே தலை தானாகத் தோளுக்குக் கீழே போன ஆள் வேண்டும். உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனைக் குனிந்து பார்ப்பவர், காய்கறிக் கூடைக்குள் கையை விட்டுக் கத்தரிக்காய் பொறுக்குபவர், பின்சக்கரத்துக்குக் காற்றடிப்பவர். இந்தக் காலத்தில் போன் பார்ப்பவருக்குப் பஞ்சமில்லை. பஸ் நிறுத்தத்தின் பின்புறம் நின்றால் போதும்.

இனி பொருத்துவது. ஆள் ஆறடியில், சுவர் 24 அடியில் என்ற அதே கணக்கில் நீங்கள் ஓரடி வலப்பக்கம் நகர்ந்தால், அவர் சுவரின் மேல் மூன்றடி இடப்பக்கம் நகர்ந்ததாகத் தெரியும். மூன்று அங்குலம் சாய்ந்தாலே ஒரு தலை அகலத்துக்கு மேல் மாறிவிடும். முழங்காலை நாலு அங்குலம் மடக்கினால் அவர் தோள் சுவரில் ஓரடி மேலே ஏறும். அதனால் காலை எடுத்து வைத்துத் தேடாதீர்கள். பாதம் ஊன்றியபடி இடுப்பும் முழங்காலும் மட்டும் அசையட்டும். முகத்தின் தாடைக் கோடு தோளைத் தொட வேண்டும். இரண்டு விரல் இடைவெளி தெரிந்தாலும் ஏமாற்று கலைந்துபோகும். ஆறடியில் முழு உடம்பும் அடங்க, போனின் சாதாரண 1எக்ஸ் கேமராவைச் செங்குத்தாகப் பிடியுங்கள். 50 மி.மீ. லென்ஸ் என்றால் முழங்காலோடு வெட்டிவிடும்.

என்னிடம் போன் மட்டும்தான். பின்னால் இருக்கும் எழுத்து மங்கிவிடுகிறது. நான் அழுத்துவதற்குள் ஆளும் போய்விடுகிறார்.
— செவிலியர், நாகப்பட்டினம்

எழுத்து மங்குவது போர்ட்ரெய்ட் மோடால். அது பின்னணியை வேண்டுமென்றே கலைக்கிறது. உங்கள் நகைச்சுவையில் பாதி பின்னணியில்தான் இருக்கிறது. சாதாரண போட்டோ மோடுக்கு வாருங்கள். அல்ட்ரா வைடையும் தொடாதீர்கள், சுவர் எங்கோ ஓடிப்போய்ச் சிறுத்துவிடும்.

ஆள் வருவதற்கு முன்பே சுவரின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொண்டதாகத் திரையில் காட்டும். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடுங்கள். வெயிலில் ஃபிளெக்ஸின் வெள்ளைப் பகுதி வெளுத்துப்போனால் பிறகு திரும்பக் கொண்டுவர முடியாது. இருட்டாக விழுந்ததை ஓரளவு தூக்கிவிடலாம்.

ஆள் தப்புவதற்குக் காரணம் விரலுக்கும் போனுக்கும் இடையில் வரும் தாமதம். சாதாரணமாக நடப்பவர் ஒரு விநாடிக்கு நாலடி போவார். கால் விநாடி தாமதம் என்றால் ஓரடி தள்ளிப்போய்விட்டார். ஆகவே அவர் சரியான இடத்துக்கு வர ஓர் எட்டு இருக்கும்போதே தொடர் படம் எடுக்கத் தொடங்கிவிடுங்கள். ஐபோனில் ஷட்டர் பொத்தானை இடப்பக்கமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சிலவற்றில் கீழே இழுக்க வேண்டும், சிலவற்றில் அழுத்திப் பிடித்தாலே போதும். வீட்டில் சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளை எடுத்துப் பழகுங்கள். பத்துப் படங்களில் கால் இரண்டும் அகல விரிந்திருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கால்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த படத்தில் நடப்பவர் நட்டுவைத்த கம்பமாகத் தெரிவார்.

பொழுது சாய்ந்தபின் நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது பல படங்களை ஒட்டி ஒன்றாக்குவதால் நடப்பவருக்கு மூன்று கால் முளைக்கும். வீடியோ எடுத்து அதிலிருந்து ஒரு காட்சியைப் பிரிப்பதும் ஒரு வழிதான். 4கே வீடியோவின் ஒரு காட்சி சுமார் 8.3 மெகாபிக்சல், அரைப்பக்கம் அச்சடிக்கத் தாராளம். ஆனால் பகல் வெளிச்சத்தில் மட்டும், மங்கலில் எல்லாமே இழுத்துக்கொண்டு வரும்.

நாகை மாதிரி கடலோர ஊரில் இன்னொன்று. உப்புக்காற்றும் கை எண்ணெயும் சேர்ந்து லென்ஸ் மேல் படலம் கட்டும். டியூப்லைட்டைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால் அதுதான். ஊதிவிட்டு, பருத்தித் துணியால் துடைத்துக் கிளம்புங்கள்.

என் பழைய கேமராவில் 18–55 லென்ஸ். ஃபோகஸ் தேடித் தேடியே நேரம் போகிறது.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

ஃபோகஸை முன்கூட்டியே வைத்துவிடலாம் ஐயா. லென்ஸை 18 மி.மீ.-இல் வையுங்கள், துளை அளவு (அப்பர்ச்சர்) எஃப் 8. ஏழடி தூரத்தில் உள்ள ஒரு தூணின் மேல் தானியங்கி ஃபோகஸ் செய்து, பிறகு லென்ஸின் ஃபோகஸ் பொத்தானை எம்-முக்கு, அதாவது கையால் ஃபோகஸ் செய்யும் நிலைக்கு, மாற்றிவிடுங்கள். மூன்றரை அடியிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாக வரும். முன்னால் போகும் ஆளும் பின்னால் இருக்கும் எழுத்தும் ஒருசேரத் தெரிய இதைவிட நம்பகமான வழி இல்லை. அதற்குப் பிறகு ஜூம் வளையத்தைத் தொடக்கூடாது. தொட்டால் ஃபோகஸ் நகர்ந்துவிடும், சின்ன வ்யூஃபைண்டரில் அது கண்ணுக்கும் தெரியாது. 35-க்கு ஜூம் செய்யத்தான் வேண்டும் என்றால் 25 அடியில் ஃபோகஸ் வையுங்கள், ஆனால் பன்னிரண்டரை அடிக்கு உள்ளே வருபவர் மங்கிவிடுவார்.

ஷட்டர் வேகம் நடப்பவர்களுக்கு 1/250 விநாடி, சைக்கிளுக்கு 1/500. ஒளியுணர்வை (ஐ.எஸ்.ஓ.) தானியங்கியில் விட்டு மேல்வரம்பு 3200 வையுங்கள். கடைத்தெருவில் கீற்றுப் பந்தலுக்குக் கீழ் நுழைந்ததும் வெளிச்சம் திடீரென்று விழும், அதை நீங்கள் கவனிக்காவிட்டாலும் கேமரா கவனித்துக்கொள்ளும்.

கறுப்பு வெள்ளையா, கலரா?
— வாசகர், திருத்துறைப்பூண்டி

இரண்டையும் சேர்த்துவைப்பது நிறம் என்றால் கலர். நீலச் சுவர் முன்னே நீலச் சேலை போவதைக் கறுப்பு வெள்ளையாக்கினால் மிஞ்சுவது ஒரு சுவர், ஒரு சேலை. சேர்த்துவைப்பது வடிவம் என்றால், பின்னால் ஃபிளெக்ஸின் மஞ்சளும் சிவப்பும் கத்திக்கொண்டிருந்தால், கறுப்பு வெள்ளை.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை நண்பன் உள்ளங்கையில் வைத்த மாதிரியும், தலையில் தொப்பி மாதிரியும் எடுக்க வேண்டும். சரியாக உட்காரவே மாட்டேன் என்கிறது.
— வாசகர், திருச்சி

இது சுற்றுலாக்காரர்கள் எடுத்து எடுத்துத் தேய்ந்த படம். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறோம். கோபுரம் 236 அடி. நண்பர் ஐந்தரை அடி. சுமார் 43 மடங்கு. அவர் ஏழடி தூரத்தில் நின்றால், கோபுரம் அவர் உயரத்துக்குச் சமமாகத் தெரிய நீங்கள் அதிலிருந்து சுமார் 300 அடி தள்ளி நிற்க வேண்டும். தொப்பி அளவுக்கு வேண்டுமென்றால் இன்னும் நாலைந்து மடங்கு தூரம் போக வேண்டும், அல்லது நண்பர் இன்னும் கிட்டே வர வேண்டும்.

உட்கார மறுப்பதற்குக் காரணம் உயரம். சமதரையில் தூரத்துக் கட்டடத்தின் அடி எப்போதும் கேமரா பிடிக்கும் உயரத்தை ஒட்டியே தெரியும். கண் உயரத்தில் பிடித்தால் கோபுரத்தின் அடி நண்பரின் கண்ணருகே வந்து நிற்கும். தொப்பியாக்க, கேமரா அவர் உச்சந்தலை உயரத்துக்கு ஏற வேண்டும். உள்ளங்கையில் வைக்க, கேமரா அந்தக் கை உயரத்துக்கு இறங்க வேண்டும். நண்பருக்குப் பதில், எதுவும் அறியாமல் தலையில் காலிக் கூடையோடு போகிற பூக்காரரின் கூடைக்குள் கோபுரம் உட்கார்ந்தால் அப்போது எங்களுக்கு அனுப்புங்கள்.

எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டி ரொம்பச் சேட்டை. படத்தில் மட்டும் சிரிப்பே வரவில்லையே, ஏன் அங்கிள்?
— எட்டாம் வகுப்பு மாணவி, பேராவூரணி

நின்றுகொண்டு எடுத்திருப்பாயம்மா. மேலிருந்து பார்த்தால் ஆட்டுக்குட்டியின் முதுகும் தரையும்தான் தெரியும். போனைத் தலைகீழாகத் திருப்பினால் லென்ஸ் தரையோரம் வந்துவிடும், குட்டியின் கண் உயரத்தில் எடு. எலியட் எர்விட் 1974-இல் நியூயார்க்கில் எடுத்த படம் ஒன்று: தொப்பி போட்ட குட்டி நாய், பக்கத்தில் ஒரு பெண்ணின் பூட்ஸ் கால்கள், அதற்கு அடுத்து இன்னும் இரண்டு நீளக் கால்கள். உற்றுப் பார்த்தால் அந்த இரண்டும் ஒரு பெரிய நாயின் முன்னங்கால்கள். கேமரா குட்டி நாயின் உயரத்துக்கு இறங்கியதாலும், மேலே உள்ளதையெல்லாம் வெட்டிவிட்டதாலும்தான் அந்த விளையாட்டு. அப்பாவின் கால், சைக்கிள் சக்கரம், ஸ்டூல் கால் இவற்றோடு உன் குட்டியின் காலைச் சேர்த்து, மேல்பாதியை வெட்டிப் பார்.

மெத்தை விளம்பரத்துக்குக் கீழே நடைபாதையில் படுத்துத் தூங்குபவரை எடுத்தேன். நண்பர்கள் சிரித்தார்கள். தங்கை திட்டினாள். யார் சொல்வது சரி?
— வாசகர், தஞ்சாவூர்

தங்கை.

ஆனால் அந்த மாதிரி சேர்க்கையே கூடாது என்று சொல்லவில்லை. மார்கரெட் போர்க் வைட் 1937-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில், வெள்ள நிவாரணத்துக்காக வரிசையில் நிற்கும் கறுப்பின மக்களை எடுத்தார். அவர்களுக்குப் பின்னால் ராட்சத விளம்பரப் பலகை. அதில் காரில் சிரித்தபடி போகும் வெள்ளைக்காரக் குடும்பம், உலகிலேயே உயர்ந்த வாழ்க்கைத்தரம் என்ற பெருமை வாசகம். பார்க்கிறவர் வரிசையைப் பார்த்துச் சிரிப்பதில்லை, பலகைதான் அவமானப்படுகிறது. அது எப்படி நடந்தது என்று கவனியுங்கள். வரிசையில் இருப்பவர்கள் முன்னால், விழித்துக்கொண்டு, தெளிவான முகத்தோடு நிற்கிறார்கள். பலகை அவர்களுக்குப் பின்னால் பெரிதாக வாயடிக்கிறது. உங்கள் படத்தில் தூங்குபவர் ஒரு மூலையில் சுருண்ட உருவம். அவர் முகம் தெரிந்தால் அவருக்குத்தான் கெட்ட பெயர், தெரியாவிட்டால் அவர் வெறும் பொருள். மெத்தைக் கம்பெனிக்கு ஒன்றும் ஆகவில்லை. தூங்குபவர், குடித்து விழுந்தவர், உடல் ஊனத்தோடு நடப்பவர் இவர்களை நகைச்சுவையின் ஒரு பாதியாக்கிய படங்களை நாங்கள் வெளியிடுவதில்லை. கண்ணீர் அஞ்சலி பேனரும் அப்படித்தான். வேற்றூரில் இருப்பவருக்கு அது வெறும் ஃபிளெக்ஸாக இருக்கலாம், அந்தத் தெருவில் துக்கம் இன்னும் ஆறியிருக்காது.

பொதுத் தெருவில் படம் எடுக்கத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் ஒருவர் பார்த்துவிட்டால் போனை மறைக்காதீர்கள். மறைத்தால்தான் சந்தேகம் வரும். சிரித்து, படத்தைக் காட்டுங்கள். பெரும்பாலும் "எனக்கு ஒண்ணு அனுப்புங்க தம்பி" என்பார்கள். அழிக்கச் சொன்னால் அவர் கண்ணெதிரே அழியுங்கள், 'சமீபத்தில் நீக்கியவை' தொகுப்பிலிருந்தும். குழந்தை என்றால் பெற்றவரைக் கேட்டுவிட்டு எடுங்கள். காவிரிப் படித்துறையில் குளிக்கும் இடத்தில் கேமராவைத் தூக்கவே தூக்காதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவும் இருக்கின்றன என்பது ஒரு பக்கம். அதற்கு முன்பே ஊர்க்காரர்கள் கணக்குத் தீர்த்துவிடுவார்கள்.

கோயிலுக்குள் எடுக்கலாமா?
— பலர்

தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. வாசலில் உள்ள பலகை சொல்வதைக் கேளுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் போன்ற தொல்லியல் துறை இடங்களில் முக்காலிக்குத் தனி அனுமதி வேண்டும். உண்மையில் வேடிக்கை எல்லாம் வெளியேதான்: செருப்புக் காப்பிடம், தேங்காய்க் கடை, பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் தொங்கும் பிளாஸ்டிக் துப்பாக்கி.

திருவாரூர் ஆழித்தேருக்குப் போய் நானூறு படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் கூட்டம்தான். வேடிக்கை எதுவும் தனியாகத் தெரியவில்லை.
— வாசகர், திருவாரூர்

தேர் முழுவதையும் படத்துக்குள் கொண்டுவரப் பார்த்ததுதான் காரணம். அலங்கரித்த தேர் 96 அடி என்பார்கள். அவ்வளவு பெரியது எதனோடும் ஜோடி சேராது. சுற்றி நிற்கும் எல்லோரும் எறும்பாகிவிடுவார்கள். அதன் ஓர் உறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுயரச் சக்கரத்தின் பக்கத்தில் பலூன்காரரின் சைக்கிள் சக்கரம். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவரின் குனிந்த முதுகும், அதற்குப் பின்னால் போனைத் தூக்கிப் பிடித்த கைகளின் வரிசையும். வடத்தின் முனையைப் பிடித்துக்கொண்டு தன்னால்தான் தேரே நகர்கிறது என்று பல்லைக் கடிக்கும் சிறுவன். இப்படித் தேடும்போது பின்னணியில் வானமோ வெறும் சுவரோ இருக்கும் இடத்தில் நில்லுங்கள். கூட்டத்தின் மேல் கூட்டம் விழுந்தால் எந்த உருவமும் பிரிந்து வராது.

திருவிழா நாளைவிட முந்தின நாளும் மறுநாளும் எங்களுக்குப் பிடிக்கும். பாதி கட்டிய தேர்ச்சீலை, பொம்மைக் குதிரைகளுக்குப் பக்கத்தில் டீ குடிக்கும் கட்டுமான ஆட்கள், நிலைக்கு வந்த தேரின் நிழலில் நிறுத்திய ஸ்கூட்டர்கள். யாருக்கும் அவசரம் இருக்காது. வேளாங்கண்ணி, நாகூர் எங்கும் இதேதான். 2028-இல் மகாமகம் வருகிறது. குளத்துக்கு உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வருத்தப்பட வேண்டாம், குளத்தைச் சுற்றிய தெருக்களின் வேலிகளும் அறிவிப்புப் பலகைகளும் போதும்.

நிழலை வைத்து வேடிக்கை செய்ய எந்த நேரம் நல்லது?
— வாசகி, பட்டுக்கோட்டை

டெல்டாவில் உச்சிப்பொழுது நம் கடிகாரத்தில் பகல் 12.15-ஐ ஒட்டி வரும். சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி முதல் பத்து நாளிலும் அப்போது சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கும், நிழல் காலடியில் ஒளிந்துவிடும். அந்த நாட்களில் உயரமும் நிழலும் ஒரே நீளமாக இருப்பது காலை 9.15, மாலை 3.15 வாக்கில். சிலையின் கை நிழல் நடப்பவர் தோளில் விழ வேண்டும், கொடிக்கம்பத்தின் நிழல் யாருக்கோ வாலாக வேண்டும் என்றால் 3.15-க்கு மேல் ஐந்து வரை. மார்கழி, தையில் உச்சியிலும் நிழல் வடக்கே சாய்ந்தே இருக்கும், அதனால் நேரம் கொஞ்சம் தாராளம். கிழக்கு மேற்காகப் போகும் அக்ரகாரத் தெருக்களில் காலையிலும் மாலையிலும் நிழல் தெருவின் நீளத்துக்கு ஓடும். சுவரில் ஏறும் நிழல் வேண்டுமென்றால் தெற்கு வடக்குத் தெருவுக்குப் போங்கள்.

அறுவடைக் காலத்தில் சாலையில் நெல்லைக் காயப்போட்டிருப்பார்களே, அந்த வெளிர் மஞ்சள் தரையில் விழும் நிழலுக்குக் கூர்மை அதிகம். தார்ச்சாலையில் அதே நிழல் பாதி தெரியாது. துழாவித் துழாவி நெல் கிளறுபவரின் நிழல், அவருக்கு முன்னால் அவரைவிட உயரமாக வேலை செய்யும். நெல்லை மிதிக்காமல் ஓரமாக நின்று எடுங்கள்.

குறுக்கே போகும் மின்கம்பியை அழித்துவிட்டு அனுப்பலாமா? பத்துப் படத்தில் எதை அனுப்புவது என்று எப்படி முடிவு செய்வது?
— வாசகர், சீர்காழி

விளிம்பை வெட்டலாம். மேலே சொன்ன 1932 படத்தையே கார்த்தியே பிரெஸ்ஸோன் ஓரம் வெட்டித்தான் அச்சிட்டார். சாய்வை நிமிர்த்தலாம், வெளிச்சத்தைச் சரிசெய்யலாம். கம்பியை அழிப்பது, ஆளை நாலங்குலம் நகர்த்துவது, ஏஐ மூலம் ஒரு காக்கையை உட்கார வைப்பது கூடாது. இந்தப் படங்களின் மதிப்பே அது அப்படியே நடந்தது என்பதில்தான். கம்பி உறுத்தினால் அடுத்த முறை முழங்காலை மடக்குங்கள், அது மேலே ஏறிவிடும்.

தேர்வுக்கு, படத்தை ஒன்றும் சொல்லாமல் வீட்டில் யாரிடமாவது நீட்டுங்கள். நாலைந்து விநாடியில் முகம் மாறினால் அனுப்பலாம். "இங்க பாருங்க, அந்தப் பலகையில…" என்று நீங்கள் விரலை வைத்துக் காட்ட வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். ஒரே நாளில் பார்க்காமல் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பாதி தானாகக் கழியும், ஏனென்றால் எடுத்த நாளில் அதற்காக நின்ற கால்வலியும் சேர்ந்து மார்க் போடும். படக்குறிப்பில் ஊரும் மாதமும் போதும். நகைச்சுவையை எழுதி விளக்காதீர்கள். வெட்டாத மூலப் படத்தை அழிக்காமல் வையுங்கள், தேர்வானால் கேட்டு வாங்குவோம்.